சோலி இருக்குன்னு எழுது

அத்தாவிடம் அவர் பெயரைக் கேட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்? இருபத்துமூன்று வருஷம் சோறு போட்டு வளர்த்த பிள்ளை, மடியில் அட்டையும் அட்டையின் மேல் அச்சடித்த சர்க்கார் பாரமும் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "குடும்பத் தலைவர் பேருங்க?" என்று கேட்டால் எந்தத் தகப்பனும் அப்படித்தான் பார்ப்பார். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். "கேக்குறான்ல, சொல்லுங்களேன். கவர்மெண்டு ஆளு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தாவுக்கு வரவில்லை. "பிச்சை முகம்மது" என்று கோர்ட்டில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

வயது ஐம்பத்திரண்டு. அதைக் கேட்காமலே எழுதினேன். அடுத்த கட்டம் தொழில். பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

அது அறுபதாம் வருஷம், தை முடிந்து மாசி பிறந்திருந்த சமயம். சீசனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சீசன் இல்லாத கொடைக்கானலைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி, பத்து மணிக்குக் கொஞ்சம் வெயில், இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி. ஏரிக்கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். பஜார்க்காரர்கள் ஒருவர் கடையில் இன்னொருவர் போய் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். வேலை உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட மாதத்தில்தான் சர்க்காருக்கு, எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

எண்ணுகிற வேலை எனக்குக் கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர், மதுரை வேலைவாய்ப்பு ஆபீசில் மூன்று வருஷமாகப் பதிந்து வைத்த பெயர். அந்த மூன்று வருஷமும் நான் செய்த ஒரே உத்தியோகம், அந்தப் பதிவு அட்டையைப் புதுப்பிக்க மதுரைக்கு பஸ் ஏறியதுதான். கடைசியில் கூப்பிட்டார்கள். வேலையில்லாதவர்களைக் கணக்கெடுக்க ஒரு வேலையில்லாதவனையே பிடித்தார்கள் என்று நானே ஊரில் சொல்லிச் சிரித்தேன். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய், இருபத்தைந்து நாள், பஜாரும் செண்பகனூரும் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அது தற்செயல் இல்லை, பயம்.

மதுரையிலிருந்து வந்திருந்த அதிகாரி சுவாமிநாதன் நல்ல மனுஷர். டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்தார். குளிருக்குத் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு, முதல் நாளே எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். சென்ற ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவனுக்கு வேலை உண்டு. அவன் வாயால் சொல்வதை எழுத வேண்டும், நாமாக எழுதக் கூடாது. பிறகு டீயை உறிஞ்சிக்கொண்டே குரலைத் தாழ்த்தி அந்த விஷயத்தைச் சொன்னார்.

"மிஸ்டர் ஜலாலுதீன், மூணு ஊர்ல இந்தக் கணக்கு எடுக்கிறோம். எங்க வேலையில்லாதவங்க ஜாஸ்தியோ அங்க ஒரு ரோட்டு வேலை வரும். ஐந்நூறு பேருக்கு ஒரு வருஷம். ஆனா இதை நீங்க வெளியில சொல்லக் கூடாது. சொன்னா ஊரே வேலை இல்லைன்னு வந்து நிக்கும், கணக்கு கெட்டுப்போகும். ரகசியத்தைக் காப்பாத்துறவரை நான் பர்மனெண்ட்டுக்கு எழுதிப் போடுவேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அன்றைக்கே பஜாரில் போய்ச் சொல்லியிருப்பேன். இப்படித்தான் இத்தனை வருஷமாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். உண்மையாகவே சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

ஊரே வேலை இல்லை என்று வந்து நிற்கும் என்று அவர் பயந்தார். அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. முதல் நாள் முதல் கடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பஜாரில் ஒரு மளிகைக் கடை. அண்ணன் தம்பி நாலு பேர். ஒருவர் நிறுப்பார், ஒருவர் பொட்டலம் மடிப்பார், ஒருவர் சணல் சுற்றுவார், நாலாமவர் இவர்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு பையன் வந்து அரைக்கால்படி உப்பு வாங்கிப் போனான். அந்த உப்புக்கு நாலு பேரும் எழுந்தார்கள். "நாலு பேருக்கும் வியாபாரம்னு போடுங்க தம்பி" என்றார் மூத்தவர். போட்டேன். அவர்கள் வாப்பா காலத்தில் அந்தக் கடையை அவர் ஒருவரே நடத்தினார், மத்தியானம் தூங்கவும் செய்தார்.

செண்பகனூரில் வேலப்பண்ணன் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். துரை பங்களாவை மதுரை மில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறி ஐந்து வருஷம் ஆகிறது. புது முதலாளி மே மாதத்தில் பத்து நாள் வருவார், கையோடு ஆட்களையும் கூட்டி வருவார். வேலப்பண்ணனுக்குச் சம்பளம் நின்று வெகுகாலம். ஆனால் பின்னால் இருந்த ஒற்றை அறைக் குடியிருப்பில் அவரும் அவர் மனைவி விசாலாட்சியும் அப்படியே இருந்தார்கள். நான் போனபோது அவர் யாரும் வராத பாதையில் யூகலிப்டஸ் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய இடத்தில் மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

"தோட்ட வேலைன்னு எழுதிக்கங்க தம்பி. சோலி இல்லைன்னு காயிதத்துல ஏறிச்சுன்னா, அப்புறம் நீ எதுக்கு இந்த ரூம்புல கெடக்கேன்னு கேப்பாங்கள்ல?" என்றார். விசாலாட்சியக்கா எனக்கு ஒரு தட்டில் பிளம்ஸ் கொண்டுவந்து வைத்தாள். போன வருஷத்துப் பழத்தை உப்பில் ஊறவைத்தது. வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

விறகுக்காரி தங்கமுத்து இதற்கு மேல். அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் சோலைக்குள் போய் ஒரு கட்டு சுள்ளி பொறுக்கியிருக்கிறாள். மிச்ச ஆறு நாளும் பாரஸ்ட் கார்டுக்குப் பயந்து வீட்டில் இருந்திருக்கிறாள். மூன்று மணி நேர வேலை. சுவாமிநாதன் சொன்னபடி ஒரு மணி போதும், இவளோ மூன்று மணிக்காரி. "உத்தியோகம் உண்டு" என்று எழுதினேன். அவள் பாரத்தை எட்டிப் பார்த்து, "அப்ப எனக்கும் சோலி இருக்குன்னு எழுதிட்டீயளா?" என்று கேட்டு, வெட்கத்தோடு சிரித்தாள். சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

எங்கள் பஜாரில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. நோன்பு பிறக்க இரண்டு வாரம் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் ஒரு வழக்கம். நோன்புக்கு முன்னால், பாங்கு சொல்கிற மோதினார் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். சோலி இருக்கா, இல்லையா என்று கேட்பார். இல்லை என்று சொன்னவர்களின் பெயரை, ஏழைகளுக்குக் கொடுக்கிற ஜக்காத்துப் பட்டியலில் ஏற்றுவார். இருபத்தேழாம் நோன்புக்குள் அவர்களுக்கு அரிசியும் ஒரு கைலியும் கிடைக்கும். கொடுப்பதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் இருக்கும்போது, அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் வாசிப்பார்கள். ஆனால் பெயர் வாசிக்கப்பட்ட மனுஷன் அடுத்த வாரத்திலிருந்து கடைசி வரிசையில் தொழ ஆரம்பிப்பான்.

அதே மாதத்தில், அதே மாதிரி நீள அட்டையோடு, அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நான் போய் நின்றால்? "நம்ம பிச்சை மகன் ஜக்காத்துக்கு எழுதுறான்" என்று இரண்டே நாளில் பஜார் முழுக்கப் பரவிவிட்டது. இது வேறு, கவர்மெண்டுக் கணக்கு என்று நானும் தொண்டை வறளச் சொன்னேன். "நோட்டு எதுவா இருந்தா என்ன தம்பி, எழுதுறது பேருதானே" என்றார்கள். எழுபது முஸ்லிம் வீடுகளில் ஒருவர்கூட வேலை இல்லை என்று சொல்லவில்லை. கொத்துவேலைக்கு ஆறு மாதமாகக் கரண்டி எடுக்காதவர் கொத்தனார் என்றார். குதிரையை விற்றுவிட்டவர் குதிரை வாடகைக்கு விடுவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். என் கையெழுத்தைச் சுவாமிநாதன் பாராட்டினார்.

இப்போது அத்தா.

அத்தா இருபத்தாறு வருஷம் ரொட்டிப்பெட்டி சுமந்தவர். பஜாரில் இருந்த பேக்கரியில் விடியற்காலை நாலரைக்குப் போய், ரொட்டியும் பன்னும் கேக்கும் ஒரு தகரப்பெட்டியில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றி, பங்களா பங்களாவாகப் போவார். மிஷனரிமார் வீடுகளில் அவர் பெட்டியைத் திறந்தால் குழந்தைகள் ஓடிவரும். சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு பங்களாவாகப் பூட்டு விழுந்தது. எண்பது வீடு நாற்பதாயிற்று, நாற்பது பதினொன்றாயிற்று. பதினொரு வீட்டுக்கு ஒரு ஆளா என்று பேக்கரிக்காரர் ஒருநாள் பெட்டியை அவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார். கெட்டவர் இல்லை. பெட்டியைச் சும்மா கொடுத்தார்.

அது ஆகி இரண்டு வருஷம். அத்தா பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்கப் போய்ப் பார்த்தார், பேட்ஜ் உள்ளவர்கள் விரட்டினார்கள். ஹோட்டலில் கேட்டார், வயசாகிவிட்டது என்றார்கள். பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது. அம்மா அதில் பழைய துணிகளைப் போட்டு வைத்திருந்தாள். ஒரு காலத்தில் அந்தப் பெட்டி நோன்பு மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசலுக்குப் போகும். நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு அத்தாவின் செலவில் ஒரு பெட்டி ரொட்டி. இருபத்தாறு வருஷம் ஒரு வருஷம் தவறாமல் கொடுத்தார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு நாள் ரொட்டியில் வந்ததுதான்.

"தொழில் என்னங்கத்தா?" என்றேன்.

அடுப்படியில் அம்மா சிரிப்பது நின்றிருந்தது.

"சென்ற ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள்..." என்று பாரத்தில் இருந்ததை வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஏலே, வாசிக்காத. சோலி இருக்குன்னு எழுது."

"என்ன சோலிங்கத்தா?"

"ரொட்டி யாவாரம்."

பெட்டியின் ஒரு மூலை கட்டிலுக்குக் கீழே தெரிந்தது. அவர் அதைக் காலால் உள்ளே தள்ளினார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தா, இல்லை என்று சொல்லுங்கள், உங்களை மாதிரி இன்னும் நூறு பேர் சொன்னால் ரோடு வரும், மண் சுமக்கலாம், உங்கள் கழுத்து இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். பாதிப் பாரம் இன்னும் ஒப்படைக்காமல் என் கையில் இருந்தது. திருப்பி எழுத நாளும் இருந்தது. நான் பர்மனெண்ட்டை நினைத்தேன். சுவாமிநாதனின் மப்ளரை நினைத்தேன். அதோடு, என் அத்தாவுக்கு வேலை இல்லை என்று என் கையால் எழுத எனக்கும் வெட்கமாக இருந்தது. "ரொட்டி வியாபாரம். சொந்தத் தொழில்" என்று எழுதி, மைஒற்றும் காகிதத்தை வைத்து அழுத்தினேன்.

மூன்றாம் நாள் டிராவலர்ஸ் பங்களாவில் கூட்டிப் பார்த்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் வேலையில்லாதவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த என் கூட்டாளிகள், அவர்களுக்கு அது ஒரு பட்டம் மாதிரி. ஒருவர் குடிகாரர். ஒருவருக்குச் சித்தம் சரியில்லை, அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பரவாயில்லையே, உங்க ஊரு!" என்றார் சுவாமிநாதன்.

"சார், நெசத்துல அப்படி இல்லைங்க சார்..." என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. பர்மனெண்ட் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார், தன்னுடைய போஸ்டும் மார்ச் வரைக்கும்தான் என்று. பெட்டி படுக்கையோடு பஸ் ஏறும்போது, வேலைவாய்ப்பு அட்டையை மறக்காமல் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு வீட்டில் மூன்று பெண்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரோடு வேறு தாலுகாவுக்குப் போயிற்று. சீசன் முடிந்த ஆனி மாதத்தில் அங்கே ஜல்லி இறங்குகிறது, ஐந்நூறு ஆள் வேலை செய்கிறது என்று லாரிக்காரர்கள் பெருமாள்மலையில் சொல்லியிருக்கிறார்கள். வேலப்பண்ணன் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு நாலாம் நாள் திரும்பி வந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தானாம். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் நானும் அத்தாவும் இருந்தோம். வேலப்பண்ணன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலில் இருந்த செம்மண்ணைத் தட்டினார்.

"அவங்களுக்கு மட்டும் எப்படி தம்பி ரோடு வந்துச்சு? நம்ம மலையில இல்லாத பஞ்சமா?" என்று கேட்டார். என்னை எதற்காகவோ சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. படித்த பையன், தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

அப்போது சொன்னேன். நாலு மாதம் கழித்து, யாருக்கும் உதவாத நேரத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு, மூன்று ஊர், ஒன்பது பேர், ரகசியம், எல்லாம். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. வேலப்பண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். எழுந்து போனார். அடுத்த மாதம் மில்காரர் அந்தக் குடியிருப்பை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினார். வேலப்பண்ணனும் விசாலாட்சியக்காவும் கிளாவரைப் பக்கம் பூண்டு பிடுங்கப் போனதாகக் கேள்வி. இலை கூட்டியதைக் காயிதத்தில் வேலை என்று எழுதியும் அந்த ரூமை அது காப்பாற்றவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தா நின்று, "ஏலே ஜலாலு, நான் இல்லைன்னு சொல்லியிருந்தா பத்தாயிருக்கும், என்ன?" என்று கேட்டார். ஒன்பதுக்குப் பத்து. அவர் கிண்டல் செய்கிறாரா, உண்மையாகவே கூட்டிப் பார்க்கிறாரா என்று இருட்டில் முகம் தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று விவரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை இல்லாத வருஷத்தில் சம்பவம் ஏது? நான் அட்டையைப் புதுப்பித்தேன். அம்மா தன் காதில் கிடந்ததைக் கழற்றினாள். அத்தா நாலரைக்கு எழுந்து, எழுந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

மறுபடி தை முடிந்து மாசி வந்தது. ஒருநாள் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு, பஜாரை மூடுபனி மறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மோதினார் சம்சுல் ஆலம் நீள நோட்டோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கினார். எங்கள் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியாதா என்ன? ஊருக்கே தெரியும்.

"பிச்சண்ணே, சும்மா ஒரு முறைக்குக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். போன வருஷம் மாதிரி இருக்குன்னே போட்டுக்கிறேன். வரட்டுமா?" என்று பதிலுக்குக் காத்திராமல் திரும்பினார்.

"இல்லைன்னு எழுதுங்க மோதினாரே" என்றார் அத்தா.

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மோதினார் நின்ற இடத்திலேயே நின்றார். அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். "பிச்சை முகம்மது. சோலி இல்லை."

மோதினார் பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார். அத்தா குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்தார். அம்மாவின் பழைய துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "அரிசி வாங்கியார சாக்கு வேணாம். இது இருக்கு" என்றார். அந்தப் பெட்டி பள்ளிவாசலுக்குப் போகிற வழியை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"தம்பிக்கு?" என்று மோதினார் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பதினொரு மாதமாக நான் ஒரு மணி நேரம்கூட எதுவும் செய்திருக்கவில்லை. இருக்கு, இல்லை என்கிற அந்த ஒரு வார்த்தை என்னவெல்லாம் செய்யும் என்று அந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் எவனும் இல்லை. அதை முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் கேட்டு, முத்து முத்தாக எழுதியவன் நான். வெறும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தா என்னைப் பார்த்தார்.

"இருக்கு" என்றேன்.

"என்ன சோலி தம்பி?"

"கணக்கெடுப்பு."

மோதினார் என் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சிலை மறுபடி நாக்கில் தொட்டு, எழுதிக்கொண்டார். அத்தா வாசற்படி வெளிச்சத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். பெட்டியின் மூலையில் ஒட்டிக் காய்ந்திருந்த பழைய ரொட்டித்தூளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.